26 கிலோ சிப்பத்துக்கு ரோபோ கை வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். காங்கேயம் பக்கம் எங்களுக்கு அரிசி ஆலை. தாத்தா ஆரம்பித்தது, அப்பா நடத்துகிறார், மெக்கானிக்கல் படித்துவிட்டு மூன்று வருடமாக நானும் கூட இருக்கிறேன். எட்டு மணி நேரத்தில் 26 கிலோ சிப்பம் 1,600 வரை பேக்கிங் ஆகிறது. தையல் மிஷினில் இருந்து எடுத்துக் குடோனில் அட்டியாக அடுக்க ஆறு லோடுமேன்கள் இருக்கிறார்கள். அட்டி போடச் சிப்பத்துக்கு 3 ரூபாய், லாரி ஏற்ற 4 ரூபாய். இரண்டையும் அவர்களேதான் செய்கிறார்கள். மூன்று பேருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, மற்ற மூவர் பீகார்க்காரர்கள். தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரத் தாமதமாகி, போன வருடம் 11 நாள் பேக்கிங் நின்றது.

ஒரு கம்பெனிக்காரர் ரோபோ கை போட்டுத் தருகிறேன், மணிக்கு 1,200 சிப்பம் அடுக்கும், 46 லட்சம், ஜிஎஸ்டி தனி, ஒன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார். இன்னொருவர் வேலியே தேவைப்படாத கோபாட் போதும் என்கிறார். மூன்றாமவர், கார் கம்பெனியில் ஓடிய பழைய ரோபோ ஒன்று 9 லட்சத்துக்கு இருக்கிறது என்கிறார். அப்பா எதுவுமே வேண்டாம் என்கிறார். “முப்பது வருசமா நம்மகிட்ட இருக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது” என்பது அவர் கேள்வி. எதை வாங்கலாம் சார்?

பதில்: வணக்கம் தம்பி.

மூன்றில் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். கோவையில் இருபது வருடத்துக்கு மேலாக ரோபோ மாட்டிக் கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். இப்படி எழுதினால் எங்கள் ஆபீஸிலேயே முறைப்பார்கள். ஆனாலும் நீங்கள் கொடுத்திருக்கும் எண்களுக்கு வேறு பதில் வரவில்லை.

முதலில் அந்த ஒன்றரை வருடக் கணக்கு. அவர் எப்படிப் போட்டிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. அட்டி போட 3, லாரி ஏற்ற 4, ஆக 7 ரூபாய். நாளைக்கு 1,600 சிப்பம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 33 லட்சத்து 60 ஆயிரம் கூலி. 46 லட்சத்தை அதால் வகுத்தால் பதினாறு, பதினேழு மாதம் வரும். வகுத்தலில் தப்பில்லை. ஆனால் லாரி ஏற்றும் அந்த 4 ரூபாயை ரோபோ தொடப்போவதே இல்லை.

ரோபோ என்ன செய்யும்? கன்வேயரில் வரும் சிப்பத்தை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் பேலட் மேல், அதாவது மரப்பலகை மேடை மேல், அடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. நிறைந்த பேலட்டை ஃபோர்க்லிஃப்ட் வண்டி எடுத்துப்போய்க் குடோனில் வைக்கும். அப்புறம் லாரி வந்து நிற்கும். கடைக்காரர் ஒருவருக்குப் பொன்னி 40 சிப்பம், இட்லி அரிசி 20, பச்சரிசி 10 என்று கலந்துதானே சரக்கு போகிறது? பேலட்டோடு ஏற்றினால் அந்தப் பேலட் திரும்பி வராது, வந்தாலும் பாதி உடைந்து வரும். இறக்குகிற கடையில் ஃபோர்க்லிஃப்ட்டும் இருக்காது. ஆகவே ரோபோ அழகாக அடுக்கிக் கொடுத்ததை உங்கள் ஆட்கள் பிரித்து, ஒவ்வொன்றாகத் தோளில் போட்டு லாரியில் ஏற்றுவார்கள். அதே ஆள், அதே 4 ரூபாய்.

அதே 4 ரூபாய் என்று நான் சொல்வதுகூட ஒரு வசதிக்குத்தான். இன்றைக்கு இரண்டு வேலையும் சேர்ந்து ஆளுக்குக் கிட்டத்தட்ட 1,870 ரூபாய் நாள் வருமானம். அட்டி வேலையைப் பிடுங்கிவிட்டால் அது 1,070 ஆகிவிடும். அந்தக் காசுக்கு ஆறு பேரும் நிற்பார்களா? பாதிப் பேர் வேறு ஆலைக்குப் போவார்கள், மீதிப் பேர் ஏற்றுக்கூலியை 6 ரூபாயாகக் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

இனி நான் போடும் கணக்கைப் பாருங்கள். மிச்சமாவது அட்டிக்கூலி மட்டும், வருடத்துக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். அதிலிருந்து ரோபோ பார்த்துக்கொள்ள ஓர் ஆள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஓர் ஆள், மாதம் இருபதாயிரம் வீதம் 4 லட்சத்து 80 ஆயிரம் கழியுங்கள். பராமரிப்பு, உதிரிபாகம், கரண்டுக்கு ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். கையில் நிற்பது 8 லட்சம் சொச்சம். செலவுப் பக்கத்தில், 46 லட்சத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 8 லட்சத்து 28 ஆயிரம். ஃபோர்க்லிஃப்ட் ஒன்று, என் உத்தேசத்தில் 9 லட்சம். ஒன்பது நாள் ஸ்டாக் வைக்க 300 பேலட் வேண்டும், ஒன்று 1,800 என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம். தரை, மின்சாரம், கம்ப்ரஸர் எல்லாம் சேர்த்து 3 லட்சம். மொத்தம் 72 லட்சத்தை நெருங்கும். பணம் திரும்ப ஒன்பது வருடம். யானைக்கு விலை சொன்னவர் அங்குசத்தையும் தீவனத்தையும் சொல்லாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் பார்ப்பது ரோபோவை, குடோனை இல்லை.

ஜிஎஸ்டியை ஏன் செலவில் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். மோட்டார் கம்பெனிக்காரர் ரோபோ வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். உங்கள் கதை வேறு. 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. மறுவாரமே ஊர் முழுக்க 26 கிலோ சிப்பமாக மாறியது உங்களுக்குத் தெரியாததா. 26 கிலோவுக்கு வரி இல்லை, சரி. ஆனால் வரி இல்லாத சரக்கு விற்கிறவருக்கு, மிஷின் வாங்கும்போது கட்டிய வரியும் திரும்பக் கிடைக்காது. உங்களிடம் வரிக்கு உட்பட்ட விற்பனை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கொட்டேஷனில் ‘ஜிஎஸ்டி தனி’ என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருப்பது உங்கள் விஷயத்தில் எட்டேகால் லட்சம்.

அடுத்தது வேகம். மணிக்கு 1,200 என்று சொன்னது பொய்யில்லை. மூட்டை அடுக்கவென்றே வரும் ரோபோக்கள் அதைவிட வேகமாகவும் ஓடும். ஏபிபி கம்பெனியின் ஐஆர்பி 460 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 110 கிலோ தூக்கும், 2.4 மீட்டர் எட்டும், 60 கிலோ சுமையோடு மணிக்கு 2,190 சுற்று வரை என்று விவரத்தாளில் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஆலையில் வருவது மணிக்கு 200 சிப்பம், அதாவது 18 விநாடிக்கு ஒன்று. ரோபோ 3 விநாடியில் வைத்துவிட்டு மீதி 15 விநாடி கையை நீட்டிக்கொண்டு அடுத்த சிப்பத்துக்குக் காத்திருக்கும். டவுன் பஸ் ரூட்டுக்குப் பந்தயக் கார் வாங்குவது மாதிரி.

இப்போது குடோன். இதைப் பெரும்பாலானவர்கள் மிஷின் வந்து இறங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். உங்கள் ஆட்கள் சுவர் ஓரத்தில் இருந்து ஆரம்பித்து, கீழே கட்டை போட்டு, தலைக்கு மேல் வரை இடைவெளி இல்லாமல் அட்டி போடுகிறார்கள். அதில் பாதை என்று ஒன்று கிடையாது. தேவைப்பட்டால் அட்டி மேலேயே ஏறிப் போவார்கள். ஃபோர்க்லிஃப்ட் அப்படிப் போக முடியாது. இரண்டு டன் வண்டி ஒன்று பேலட்டோடு திரும்ப மூன்றரை மீட்டர் அகலப் பாதை வேண்டும். அரிசிச் சிப்பம் அட்டைப்பெட்டி மாதிரி விறைப்பாக நிற்காது, ஒரு பேலட் மேல் இன்னொன்றை ஏற்றினால் மேலே இருப்பது ஒரு பக்கம் சாயும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கு நிற்கும் சரக்கு நாளைக்கு அதே குடோனில் நிற்காது. புதுக் கொட்டகை ஒன்று போட வேண்டிவந்தால் அதையும் அந்த 72 லட்சத்தோடு கூட்டுங்கள்.

சிப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டுக் கற்றது அது. பத்து வருடம் முன்பு ஒரு தீவன ஆலையில் ரோபோ மாட்டினோம். எங்கள் ஷெட்டில் மணல் நிரப்பிய மூட்டைகளை வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். செங்கல் மாதிரி அடுக்கியது, வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். ஆலைக்குப் போனதும் தையல் மிஷினில் இருந்து வந்த மூட்டைகளுக்குள் காற்று அடைத்திருந்தது, தலையணை மாதிரி உப்பிக்கொண்டு வந்தன. ஆறாவது அடுக்கிலேயே வழுக்க ஆரம்பித்தது. ராத்திரி ஷிப்டில் ஒரு பேலட் முழுதாகச் சரிந்து கன்வேயர் மேல் விழுந்தது. யாரும் பக்கத்தில் இல்லாதது எங்கள் நல்ல நேரம். தப்பு முழுக்க என்னுடையது. மூட்டையை மேலிருந்து அழுத்திக் காற்றை வெளியேற்றித் தட்டையாக்கும் கன்வேயர் ஒன்றைச் செலவு மிச்சம் என்று கொட்டேஷனில் இருந்தே எடுத்திருந்தேன். அதை எங்கள் செலவில் செய்து மாட்டி முடிக்க இரண்டு மாதம் ஆனது.

உங்கள் லோடுமேன் ஒருவர் அட்டி போடுவதை நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சிப்பத்தைப் போட்டதும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், உப்பல் இறங்கிவிடும். தையல் வாய் உள்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போடுவார், பிரிந்தாலும் அரிசி வெளியே கொட்டாது. ஓரம் பிய்ந்த சாக்கைக் கையில் எடுத்தவுடனேயே தெரிந்துகொண்டு தனியாக வைப்பார். இது அத்தனையையும் ரோபோவுக்கு நாம்தான் இரும்பாலும் சென்ஸாராலும் செய்து கொடுக்க வேண்டும். தட்டுவதற்கு ஒரு கன்வேயர், திருப்புவதற்கு ஓர் ஏற்பாடு, பிய்ந்ததைக் கண்டுபிடிக்க இன்னொன்று.

பிடிக்கும் கை, அதாவது கிரிப்பர், அது தனிக்கதை. சாக்குக்கு விரல் மாதிரி வளைந்த கம்பிகள் கீழே நுழைந்து ஏந்துகிற கிரிப்பர்தான் நம்பகமானது. அது நுழைய இடம் விட்டு உருளைகள் வைத்த கன்வேயர் வேண்டும். காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்யூம் கிரிப்பர் மலிவு, ஆனால் சாதாரணப் பின்னல் சாக்கில் காற்று புகுந்துவிடும், பிடி நிற்காது. படம் அச்சடித்த பளபள லேமினேஷன் சாக்கை வேக்யூம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே பளபளப்பால் அடுக்கியபின் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். நீங்கள் இரண்டு வகைச் சாக்கும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அளவையும் பார்த்துவிடலாம். சிப்பம் படுத்த நிலையில் 65 சென்டிமீட்டர் நீளம், 42 அகலம் என்று வையுங்கள். வழக்கமான அடுக்கு ஐந்து சிப்பம்: இரண்டு நீளவாக்கில், மூன்று குறுக்கில், அடுத்த அடுக்கில் அப்படியே திருப்பி. அப்போதுதான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு 130-க்கு 107 இடம் வேண்டும். கடையில் கிடைக்கும் பேலட் 120-க்கு 100. ஓரம் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்துப் பேலட்டில் உரசும், அரிசி ஒழுகும். ஆக அளவு சொல்லிப் பேலட் செய்ய வேண்டும். பத்து அடுக்கு போட்டால் 50 சிப்பம், 1,300 கிலோ.

கோபாட் விஷயத்துக்கு வருகிறேன். ஆளோடு ஆளாக நின்று வேலை செய்கிற மெதுவான, தொட்டால் நிற்கிற ரோபோவுக்குத்தான் அந்தப் பேர். டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் 2008-ல் தன் முதல் கோபாட்டை விற்றது, இன்று பல கம்பெனிகள் செய்கின்றன. நல்ல சாதனம், நானே நிறைய மாட்டியிருக்கிறேன். ஆனால் பரவலாக விற்பவற்றில் பெரியது 30 கிலோ சுற்றித் தூக்கும், அந்த 30 கிலோவில் கிரிப்பரின் எடையும் சேர்த்தி. 26 கிலோ சிப்பம், அதைப் பிடிக்கும் வேக்யூம் கிரிப்பரே எட்டுப் பத்துக் கிலோ. கூட்டிப் பாருங்கள். நீங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்கு 5 கிலோ, 10 கிலோ பாக்கெட் போடுவதாக இருந்தால் அந்த லைனுக்குக் கோபாட் அருமையாகப் பொருந்தும், அப்போது பேசுவோம்.

‘வேலியே வேண்டாம்’ என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். கை மோதினால் நிற்கும், சரி. அது பிடித்திருக்கும் சுமை நழுவித் தலையில் விழுந்தால்? எந்த ரோபோ என்பதை வைத்து வேலி வேண்டுமா என்று முடிவு செய்வதில்லை. கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு வேகம், ஆள் எங்கே நிற்பார் என்று அந்த இடத்தையே முழுதாக ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும். ரோபோ பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரநிலை கேட்பதும் அதைத்தான்.

பழைய ரோபோ 9 லட்சம். கார் கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் செய்த ஆறு அச்சு ரோபோவாக இருக்கும். உங்கள் வேலைக்கு நாலு அச்சு, அதாவது நாலு வகை அசைவு, போதும்: இடுப்பில் சுழல, முன்னால் போய்வர, மேலே கீழே போக, மணிக்கட்டில் சிப்பத்தைத் திருப்ப. மூட்டை அடுக்கும் ரோபோவில் கூடுதலாக இணைகம்பிகள் இருக்கும். கை எங்கே போனாலும் கிரிப்பரைத் தரைக்குச் சமமாக வைத்திருப்பது அவைதான். ஆறு அச்சாலும் அதைச் செய்ய வைக்கலாம், பெரிய குறை இல்லை. குறை வேறு இடத்தில். மொத்தச் செலவில் ரோபோவின் பங்கு மூன்றில் ஒன்று சுற்றித்தான். கன்வேயர், கிரிப்பர், வேலி, புரோகிராம் எல்லாம் அப்படியே பாக்கி நிற்கும். அதுபோக, பத்துப் பதினைந்து வருடம் ஓடிய மிஷினின் கண்ட்ரோலருக்கு போர்டு கிடைக்காது, கிடைத்தாலும் அதுவும் பழையதாகத்தான் இருக்கும். மூட்டுகளில் இருக்கும் கியர் ரெட்யூஸரில் ஆட்டம் விழுந்திருந்தால் வெளியே தெரியாது, மாற்றும்போதுதான் விலை தெரியும். படித்துப் பழகிக்கொள்ள ஒரு மிஷின் வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆலையின் வயிற்றுப்பாட்டை அதன் தலையில் வைக்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். 2023 நவம்பரில் தென்கொரியாவில், தென் கியோங்சாங் மாகாணத்தில், குடைமிளகாய்ப் பெட்டிகளைப் பேலட்டில் அடுக்கும் ரோபோ ஒன்று ஓர் ஆளைப் பிடித்துக் கன்வேயரோடு அழுத்தியதில் அவர் இறந்துபோனார். விவரம் தெரியாமல் உள்ளே போனவர் இல்லை அவர். ரோபோ கம்பெனியின் ஊழியர், சென்ஸாரைச் சரிபார்க்க வந்திருந்தார். உங்கள் வேலையும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

ரோபோ ஒழுங்காக ஓடும்போது ஆபத்து குறைவு. சாக்கு கிழிந்து அரிசி கொட்டும்போதுதான் ஆபத்து வரும். ‘ஒரு நிமிஷ வேலை’ என்று யாராவது வேலி தாண்டுவார். அதற்காகக் கதவில் பூட்டுச் சுவிட்ச் வைப்போம், கதவு திறந்தால் ரோபோ நிற்கும். ஓர் ஆலையில், நான் போய்ப் பார்க்கும்போது, அந்தச் சுவிட்சுக்குள் நுழையும் தகட்டை உபரியாக ஒன்று வாங்கிக் கயிறு கட்டி நிரந்தரமாகச் செருகி வைத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது, ரோபோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் பெருமையாகச் சொன்னார், “இப்ப நிக்கறதே இல்லீங்க சார்.” அன்றைக்கு நான் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக்கூட உட்காரவில்லை.

உள்ளே போய் ரோபோவுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கும்போது அதைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். அப்போது வேகம் விநாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாது. கையில் இருக்கும் பெட்டியின் சுவிட்சை விட்டாலும் நிற்கும், பயந்துபோய் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். இந்த ஏற்பாடுகளை மதிக்கிற ஓர் ஆள் ஒவ்வொரு ஷிப்டிலும் உங்களிடம் இருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். தவிட்டுத் தூசி, எலிவேட்டர் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் முங்கும் வோல்டேஜ், கேபிள் கடிக்கும் எலி, இவையும் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் இருக்கிறது, எலிக்குத்தான் முழு வைத்தியம் நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு சொன்னபிறகு, அப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. உங்கள் எண்களில் என்னை உறுத்தியது ஒன்று. 1,600 சிப்பம் என்றால் 41.6 டன். அட்டிக்கு ஒருமுறை, லாரிக்கு ஒருமுறை, ஆக 83 டன். ஆறு பேர் என்றால் ஆளுக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 14 டன். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1991-ல் போட்ட கணக்கில், எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் தூக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும் எடை 23 கிலோ. குனிந்து எடுத்தால், திரும்பினால், அடிக்கடி தூக்கினால் அது இன்னும் இறங்கும். ஐம்பது தாண்டிய மூன்று பேரும் முழங்காலையும் இடுப்பையும் பற்றி உங்கள் அப்பாவிடம் சொல்லியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். உலகின் முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட், 1961-ல் நியூஜெர்சியின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வந்து நின்றபோது அதற்குக் கொடுத்த வேலையும் அடுக்குகிற வேலைதான். வார்ப்பு மிஷினில் இருந்து கொதிக்கக் கொதிக்க வரும் வார்ப்புகளை எடுத்து அடுக்கியது. ஆள் நிற்கக்கூடாத இடத்தில் மிஷின் நிற்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் ஆலையில் அந்த இடம் எது என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்து அது லாரிக்கும் குடோனுக்கும் நடுவில் இருக்கிறது. தையல் மிஷின் பக்கத்தில் இல்லை.

ஆகவே முதலில் சக்கரம் வைத்த, உயரம் ஏற்றி இறக்கக்கூடிய மூட்டைக் கன்வேயர் இரண்டு வாங்குங்கள். ஒன்று தையல் மிஷினில் இருந்து அட்டி வரைக்கும், இன்னொன்று அட்டியில் இருந்து லாரிக்குள்ளே வரைக்கும். கோவையிலேயே செய்து தருகிறார்கள். ஒன்றின் விலை உங்கள் ரோபோ விலையில் பத்தில் ஒரு பங்கு சுற்றி இருக்கும். சிப்பம் இடுப்பு உயரத்திலோ தோள் உயரத்திலோ வந்து சேரும், ஆள் இழுத்துப் போட்டால் போதும். தலையில் தூக்கி நடப்பதும் ஏணிப்பலகை ஏறுவதும் நின்றுவிடும். அந்த 11 நாள் பிரச்சினையும் பெரும்பாலும் இதிலேயே தீரும். தூக்கி நடக்கிற வேலைக்குப் பழகிய லோடுமேன்தான் வேண்டும், கன்வேயரில் இருந்து இழுத்துப் போடப் பக்கத்து ஊர் ஆட்களே வருவார்கள். கூடவே, பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பேக்கிங் ஓட்டி ஸ்டாக் ஏற்றிவையுங்கள். ஊருக்குப் போகிறவர்களுக்குத் திரும்பி வரும் டிக்கெட்டையும் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் எஞ்சினியர் தேவையில்லை என்று நீங்கள் சிரிக்கலாம்.

அப்புறம், 40 பேலட் மட்டும் வாங்கி, கையால் தள்ளும் பேலட் டிரக் ஒன்றோடு, ஒரே ஓர் அரிசி வகைக்கு மட்டும் ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். அடுக்குவது ஆட்கள்தான், ஆனால் ரோபோ அடுக்கும் முறையில், ஐந்து ஐந்தாக. குடோனில் எவ்வளவு இடம் போகிறது, எத்தனை பேலட் உடைகிறது, எந்தச் சாக்கு வழுக்குகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஆறு மாதத்தில் பேலட் வேண்டாம் என்று முடிவானால் நஷ்டம் ஒரு லட்சத்துக்குள். 72 லட்சம் போட்டபிறகு அதைத் தெரிந்துகொள்வதைவிட இது தேவலை.

ரோபோ எப்போது சரிப்படும்? மணிக்கு 600 சிப்பத்துக்கு மேல் போகும்போது, அல்லது இரண்டு ஷிப்ட் ஓடும்போது. அதைவிட முக்கியமாக, வாங்குகிறவர் பேலட்டோடு எடுத்துக்கொள்ளும்போது. சூப்பர் மார்க்கெட் கிடங்குகள் சில அப்படிக் கேட்க ஆரம்பித்திருக்கின்றன. புதுக் குடோன் கட்டுவதாக இருந்தால் பேக்கிங் லைன் முடியும் இடத்தில் ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் காலியாக விட்டுக் கட்டுங்கள், தரையைக் கனமாகப் போடுங்கள். அன்றைக்கு வாங்க வேண்டியது புதிய, நாலு அச்சு, 110 கிலோ வகை. சிப்பம் 26, ஏந்தும் கிரிப்பர் ஐம்பது அறுபது கிலோ, அதற்குப் பொருத்தமாக இருக்கும். இரண்டு லைனை ஒரே ரோபோவுக்குக் கொண்டுவந்தால் சும்மா நிற்கும் நேரமும் குறையும்.

உங்கள் அப்பாவின் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? ஒன்று மட்டும் பார்த்ததைச் சொல்கிறேன். நான் மாட்டிய ஓர் இடத்தில், எந்த அடுக்கு நிற்கும், எது சரியும் என்று எங்கள் எஞ்சினியருக்குச் சொல்லிக் கொடுத்தது அங்கே இருபது வருடம் மூட்டை தூக்கியவர்தான். மூன்று மாதத்தில் அந்த ரோபோவை அவரே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். எல்லாருக்கும் அப்படி அமையாது. கன்வேயர் வாங்கும் முன்பு ஆறு பேரையும் உட்காரவைத்துப் பேசுங்கள், உயரம் எவ்வளவு வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். கன்வேயர் வந்துவிட்டது என்று கூலியைக் குறைக்காதீர்கள், குறைந்தது முதல் வருடம். அப்பா ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அந்தக் கம்பெனிக்காரரிடம் முடியாது என்று சொல்ல வேண்டாம். அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள். உண்மையிலேயே நம்பிக்கை இருந்தால் எங்கள் சிப்பத்தை உங்கள் ஷெட்டில் அடுக்கிக் காட்டுங்கள் என்று கேளுங்கள், 200 சிப்பம் லாரியில் அனுப்புங்கள். தையல் போட்ட சூட்டோடு, உப்பலாக இருக்கும்போதே அனுப்புங்கள். பின்னல் சாக்கில் பாதி, பளபள சாக்கில் பாதி. ஓரம் பிய்ந்ததும் ஒரு பத்து அதில் கலந்திருக்கட்டும்.